மயிலாப்பூர் நீண்ட ஏரி

மயிலாப்பூர் நீண்ட ஏரி என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சென்னை நகரின் மேற்கு எல்லையில் இருந்த ஒரு மண்கரை ஏரி ஆகும். வடக்கே நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டை வரை, கடற்கரைக்கு ஏறக்குறைய இணையாக, வளைந்த நீள்வடிவில் இது அமைந்திருந்தது. மழைநீரைத் தேக்கிப் பாசனத்துக்கு வழங்குவதும், பெருமழைக் காலத்தில் மேற்கிலிருந்து வரும் வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதும் இதன் இரு பயன்களாகும். 1920களில் நகர விரிவாக்கத்துக்காக ஏரியின் நீர் வடிக்கப்பட்டு, அதன் படுகையிலும் அதனை அடுத்த நிலத்திலும் தியாகராய நகர் என்னும் குடியிருப்புப் பகுதி உருவாக்கப்பட்டது.

பொறியியல் நோக்கில் இவ்வேரி ஒரு சிறிய மண் அணையே ஆகும். ஆற்றின் குறுக்கே உயர்ந்த சுவர் எழுப்பி நீரைத் தேக்கும் பெரிய அணைகளைப் போலன்றி, சமநிலத்தின் இலேசான சரிவில் தாழ்வான, நீண்ட மண்கரையை எழுப்பி மழைநீரைத் தேக்குவது இவ்வகை அணையின் இயல்பு. தமிழகத்தில் இத்தகைய ஏரிகள் 39,000க்கும் மேல் உள்ளன. அவற்றுள் நகரம் விழுங்கிய ஏரிகளுக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாக நீண்ட ஏரி கருதப்படுகிறது.

பெயர்

ஆங்கிலேயர் காலத்து வரைபடங்களிலும் நூல்களிலும் இவ்வேரி லாங் டேங்க் எனக் குறிக்கப்பட்டுள்ளது. 'நீண்ட ஏரி' என்பது அதன் தமிழாக்கம். வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி எனவும், தென்பகுதி மயிலாப்பூர் ஏரி எனவும் தனித்தனியாகவும் வழங்கப்பட்டன. மாம்பலத்தை ஒட்டி இருந்தமையால் மாம்பலம் ஏரி என்னும் பெயரும் உண்டு.

மயிலாப்பூர் ஏரி என்னும் பெயர் கபாலீசுவரர் கோயிலின் தெப்பக்குளத்தைக் குறிப்பதன்று. அக்குளம் இன்றும் உள்ளது. நீண்ட ஏரியோ அதற்கு மேற்கே, மவுண்ட் சாலைக்கு (இன்றைய அண்ணா சாலை) அப்பால் இருந்தது. இந்தியாவில் வழங்கும் ஆங்கிலத்தில் ஏரி, குளம் ஆகிய இரண்டையும் டேங்க் என்னும் ஒரே சொல்லால் குறிப்பதால் இக்குழப்பம் நேர்வதுண்டு.

பாசன நீர்நிலைகளுக்குத் தமிழில் இடத்துக்கு இடம் வேறு பெயர்கள் உள்ளன. தொண்டை மண்டலத்தில் ஏரி எனப்படுவது பாண்டி நாட்டில் கண்மாய் எனவும், தென்கோடி மாவட்டங்களிலும் ஈழத்திலும் குளம் எனவும் வழங்குகிறது.

அமைவிடமும் நில அமைப்பும்

சென்னை ஒரு கடற்கரைச் சமவெளி. நிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மிக மெதுவாகச் சரிகிறது. வடக்கே கூவம் ஆறும் தெற்கே அடையாறும் இச்சமவெளியைக் கடந்து வங்காள விரிகுடாவில் கலக்கின்றன. நீண்ட ஏரி இவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்திருந்தது. ஏரிக்கு மேற்கே மாம்பலம், கோடம்பாக்கம் முதலிய ஊர்களும், கிழக்கே தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் ஆகியவையும் இருந்தன.

ஏரியின் நீண்ட வடிவத்துக்கு நிலத்தின் தன்மையே காரணம். மலைப் பகுதியில் இரு குன்றுகளுக்கு இடையே குறுகிய அணை ஒன்றைக் கட்டினால் ஆழமான நீர்த்தேக்கம் கிடைக்கும். சமவெளியில் அத்தகைய இடுக்கு இல்லை. ஆகவே நிலத்தின் சம உயரக் கோட்டை ஒட்டி நெடுந்தொலைவுக்குக் கரை எழுப்ப வேண்டியுள்ளது. அவ்வாறு தேங்கும் நீர் பரப்பில் மிகுதியாகவும் ஆழத்தில் குறைவாகவும் இருக்கும்.

இப்பகுதியின் மழைநீர் இன்று பெரும்பாலும் அடையாற்றை நோக்கி வடிகிறது. அடையாறு சைதாப்பேட்டை, நந்தனம், கோட்டூர்புரம் வழியாகச் சென்று, பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அக்கழிமுகத்துக்கு வடக்கே உள்ள கடற்கரையில் நொச்சிக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்கள் உள்ளன. கழிமுகத்தில் மணல் திட்டு உருவாகி ஆற்றின் வாயை அடைப்பதுண்டு. வாய் குறுகும்போது ஆற்றுநீர் கடலுக்குள் வடிவது தாமதப்படும். அதன் விளைவு பல கிலோமீட்டர் மேலே உள்ள தெருக்களிலும் தென்படும்.

சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726ஆம் ஆண்டில் ஆர்மீனிய வணிகரான கோஜா பெத்ருஸ் உஸ்கான் தம் செலவில் கட்டிய பாலம் மர்மலாங் பாலம் எனப்பட்டது. மர்மலாங் என்பது மாம்பலம் என்பதன் திரிபாகும். பழைய பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் உள்ளது.

மண்கரை ஏரியின் அமைப்பு

நீண்ட ஏரி போன்ற மண்கரை ஏரிகள் சில பொதுவான உறுப்புகளைக் கொண்டவை.

கரை: நிலம் தாழும் திசையில் மண்ணைக் குவித்து இறுக்கி எழுப்பப்படுவது கரை. இதன் குறுக்குவெட்டு அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருக்கும். மண்ணின் எடையே நீரின் அழுத்தத்தைத் தாங்குகிறது. நீரை ஒட்டிய உட்சரிவில் அலை அரிப்பைத் தடுக்கக் கற்கள் பதிக்கப்படும். இவற்றுக்கு அலைகற்கள் என்று பெயர். கரையின் மேல் பனை முதலிய மரங்கள் வளர்க்கப்படுவதும், கரையே பாதையாகப் பயன்படுவதும் வழக்கம்.

மதகு: பாசன வாய்க்காலுக்கு நீரைத் திறந்துவிடும் வாயில். கரையின் அடிப்பகுதியில் கல்லால் அமைக்கப்படும். இதனைத் தூம்பு, மடை எனவும் கூறுவர்.

கலங்கல்: ஏரி நிறைந்தபின் வரும் உபரிநீர் தானாக வழிந்தோடக் கல்லால் கட்டப்பட்ட தாழ்வான பகுதி. இதன் உச்சி கரையின் உச்சியைவிடத் தாழ்ந்திருக்கும். கலிங்கு, கலுங்கு என்பன இதன் வேறு வடிவங்கள். ஈழத்தில் கலங்கலை வான் என்றும், மதகைத் துருசு என்றும், கரையைக் குளக்கட்டு என்றும் வழங்குவர்.

உள்வாய்: கரைக்கு எதிர்ப்புறம் நீர் பரவி நிற்கும் ஆழமற்ற பகுதி. கோடையில் இங்கே நீர் வற்றி நிலம் தெரியும். ஏரி ஆக்கிரமிப்பு பெரும்பாலும் இப்பகுதியிலிருந்தே தொடங்குகிறது.

வரத்துக்கால்: நீர்ப்பிடிப்புப் பகுதியின் மழைநீரையோ மேல் ஏரியின் உபரிநீரையோ ஏரிக்குக் கொண்டுவரும் கால்வாய்.

மண்கரைக்கு இரு பெரும் ஆபத்துகள் உண்டு. முதலாவது, நீர் கரையின் உச்சியைத் தாண்டி வழிவது. கல் அணையின் மேல் நீர் வழிந்தாலும் அது நிற்கக்கூடும், மண்கரை அவ்வாறன்று. வழியும் நீர் வெளிச்சரிவை அரித்துச் சில மணி நேரத்தில் கரையை உடைத்துவிடும். ஆகவே கலங்கல் போதிய அகலமுடையதாக இருப்பது கரையின் உயிர்நாடி ஆகும். இரண்டாவது ஆபத்து கசிவு. எலி, நண்டு ஆகியவற்றின் வளைகள், பட்ட மரங்களின் வேர்த்துளைகள் ஆகியவற்றின் வழியே நீர் கசியத் தொடங்கினால், அது மண்ணையும் உடன் எடுத்துச் சென்று துளையைப் பெரிதாக்கும்.

இவ்வச்சத்தின் பழமைக்குச் சான்றாக மதுராந்தகம் ஏரி காத்த இராமர் கோயில் வரலாற்றைக் கூறலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், பெருமழை இரவொன்றில் உடையும் நிலையிலிருந்த கரையில் வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டார் என்பது தலத்தின் மரபுவழிக் கதை.

பாசனப் பயன்பாடு

ஏரியில் தேங்கும் நீர் மதகின் வழியாக, புவியீர்ப்பு விசையால் மட்டுமே, கரைக்குக் கீழுள்ள வயல்களுக்குப் பாய்கிறது. ஓர் ஏரியின் நீரைப் பெற உரிமையுள்ள நிலப்பரப்பு ஆயக்கட்டு எனப்படும். ஏரிகள் பொதுவாக அவை நீர் வழங்கும் ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. மயிலாப்பூருக்கு மேற்கே சற்றுத் தொலைவில் இருந்த நீர்நிலை மயிலாப்பூர் ஏரி எனப் பெயர் பெற்றதையும் இவ்வழக்கத்தோடு பொருத்திப் பார்க்கலாம்.

சென்னையின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், அதுவும் சில நாட்களிலேயே, பெய்துவிடுகிறது. அந்த நீரைத் தடுத்து வைக்காவிடில் அது ஓரிரு நாட்களில் கடலைச் சென்றடையும். தை மாதத்துக்குப் பின் பயிருக்கு நீர் இராது. எனவே தொண்டை மண்டலத்தில் ஏரியே வேளாண்மைக்கு அடிப்படையாக இருந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம் என அழைக்கப்பட்டதும் இதனாலேயே.

பாசனத்தோடு ஏரிக்கு வேறு பயன்களும் இருந்தன. கால்நடைகள் நீர் அருந்தின, மீன் பிடிக்கப்பட்டது, சுற்றுப்புறக் கிணறுகளின் நீர்மட்டம் உயர்ந்தது. கோடையில் எடுக்கப்படும் வண்டல் வயலுக்கு உரமாயிற்று. வண்டலை அகற்றியதால் ஏரியின் கொள்ளளவும் காக்கப்பட்டது.

வெள்ளத் தணிப்பு

ஏரி வெள்ளத்தை இல்லாமற் செய்வதில்லை, அதனைத் தாமதப்படுத்துகிறது. மழை பெய்யும் சில மணி நேரத்தில் நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வரும் நீர் உச்ச அளவை எட்டும். அதன் ஒரு பகுதி ஏரியில் பரவித் தங்கும். எஞ்சியது மட்டுமே கலங்கலின் வழியே, அதன் அகலம் அனுமதிக்கும் அளவில், மெல்ல வெளியேறும். கீழ்ப்பகுதியில் உள்ளவர்களுக்கு ஒரே நேரத்தில் வந்து சேரக்கூடிய நீர் பல மணி நேரத்துக்கோ பல நாட்களுக்கோ பிரிந்து வந்து சேரும்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 100 எக்டேர் பரப்புள்ள ஏரியின் நீர்மட்டம் 1 மீட்டர் உயர்ந்தால், அது 10 இலட்சம் கன மீட்டர் நீரைப் பிடித்து வைத்துள்ளது என்பது பொருள். 10 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் ஒரு துளியும் நிலத்தில் ஊறாமல் ஓடி வந்தால் கிடைக்கும் நீரின் அளவும் இதுவே. ஆழமற்றதாயினும் பரந்த ஏரி வெள்ளத் தணிப்பில் ஆற்றல் மிக்கதாக இருப்பதன் காரணம் இதுதான்.

தொண்டை மண்டலத்தின் ஏரிகள் பெரும்பாலும் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் கீழ் ஏரியின் வரத்துக்காலில் சேரும். தொடரின் ஒவ்வோர் ஏரியும் வெள்ளத்தின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். தொடரில் ஓர் ஏரி மறைந்தால் அது ஏற்றுக்கொண்ட பங்கு அதற்குக் கீழுள்ள இடத்துக்குச் செல்லும்.

பாசனம், வெள்ளத் தணிப்பு ஆகிய இரு பயன்களுக்கும் இடையே ஒரு முரண்பாடு உண்டு. பாசனத்துக்கு ஏரி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அதில் வெற்றிடம் இருக்க வேண்டும். பருவமழையின் தொடக்கத்தில் வெறுமையாக உள்ள ஏரி முதல் பெருமழையை முழுமையாக உள்வாங்கும். பருவத்தின் இறுதியில் நிறைந்து நிற்கும் ஏரியால் அவ்வாறு செய்ய இயலாது. அப்போது நீர்மட்டம் கலங்கலுக்கு மேல் உயரும் சிறிதளவு இடமே வெள்ளத்துக்குக் கிடைக்கும். ஏரி மேலாண்மையின் கடினமான முடிவுகள் பலவும் இம்முரண்பாட்டிலிருந்தே எழுகின்றன.

பராமரிப்பு

மண்கரை ஏரி தொடர்ந்து பேணப்பட வேண்டிய கட்டமைப்பாகும். மழையால் கரை கரையும். வண்டலால் படுகை மேடாகும். வரத்துக்கால்கள் தூர்ந்து போகும். முதலாம் பராந்தக சோழனின் காலத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபையின் குழுக்களுள் ஏரி வாரியம் ஒன்று இருந்ததையும் அதன் உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் கூறுகின்றன.

ஊரார் கூடி உழைப்பை வழங்கி ஏரியைச் செப்பனிடும் முறை குடிமராமத்து எனப்பட்டது. மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு நீரைப் பங்கிட நீர்க்கட்டி என்னும் பணியாளர் இருந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் வரி வசூலும் பெரிய பழுதுபார்ப்பும் அரசிடம் சென்றன. ஊராரின் உழைப்புக் கடமை மட்டும் 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டது. எனினும் ஊர்ச்சபைகளின் அதிகாரம் நலிந்தபின் குடிமராமத்து படிப்படியாகத் தேய்ந்தது.

ஏரியின் மறைவு

18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியரும் செல்வந்தர்களும் கோட்டைக்கு வெளியே, தேனாம்பேட்டை, நுங்கம்பாக்கம் முதலிய இடங்களில் பரந்த தோட்ட வீடுகளை அமைத்தனர். வயல்களும் தோப்புகளும் வீட்டு மனைகளாக மாறத் தொடங்கின. ஆயக்கட்டு குறையக் குறைய ஏரியின் பாசனத் தேவையும் குறைந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் மக்கள்தொகை விரைந்து பெருகியது. 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5.27 இலட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1931இல் ஏறத்தாழ 6.47 இலட்சமாயிற்று. நகரமைப்பு வல்லுநர் எச். வி. லான்செஸ்டர் சென்னையின் நகரமைப்பைப் பற்றி எழுதிய நூல் 1918இல் வெளிவந்தது. 1920ஆம் ஆண்டில் சென்னை நகரத் திட்டச் சட்டம் இயற்றப்பட்டது. கிழக்கே கடல் இருந்தமையால் நகரம் மேற்கு நோக்கியே வளர வேண்டியிருந்தது. அங்கே குறுக்கே நின்றது நீண்ட ஏரி.

நீதிக்கட்சியின் ஆட்சிக் காலத்தில், 1923ஆம் ஆண்டளவில், மாம்பலம் குடியிருப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏரியின் நீர் வடிக்கப்பட்டு நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. புதிய நகருக்கு நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரான சர் பிட்டி தியாகராய செட்டியின் (இறப்பு: 1925) பெயர் சூட்டப்பட்டது. நகரின் நடுவில் அமைந்த பூங்கா, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரைப் பெற்றது. கோபதி நாராயணசாமி செட்டி (ஜி. என். செட்டி சாலை), முகமது உசுமான் (உசுமான் சாலை) முதலியோரின் பெயர்கள் தெருக்களுக்கு இடப்பட்டன. 1931இல் கடற்கரை - தாம்பரம் மின்சாரத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியபின் இப்பகுதி மேலும் விரைவாக வளர்ந்தது.

அக்காலக் கணக்குகளில் ஏரி ஒரு பாசனச் சொத்தாகவே மதிக்கப்பட்டது. அதன் மதிப்பு ஆயக்கட்டின் பரப்பாலும் அது தரும் தீர்வையாலும் அளக்கப்பட்டது. வெள்ளத்தைத் தாமதப்படுத்தும் பயனுக்கு அத்தகைய பதிவு இல்லை. ஆகவே வயல்கள் மறைந்தபின் ஏரி பயனற்றதாகத் தோன்றியது. ஆயினும் வயலுக்கு நீர் தேவைப்படாத நிலையிலும், மேற்கிலிருந்து மழைநீர் வருவது நிற்கவில்லை.

வடபகுதியான நுங்கம்பாக்கம் ஏரி மேலும் சில பத்தாண்டுகள் ஓரளவு எஞ்சியிருந்தது. பின்னர் அதுவும் தூர்க்கப்பட்டது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் இந்த ஏரிப் படுகையிலேயே அமைந்துள்ளது.

எஞ்சியுள்ள பெயர்கள்

ஏரி மறைந்தாலும் அதன் நினைவு இடப்பெயர்களில் நிலைத்துள்ளது. நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரையைக் குறிக்கும் டேங்க் பண்ட் சாலையும், லேக் ஏரியா என்னும் குடியிருப்பும் உள்ளன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை உள்ளது. அச்சாலையிலிருந்து பார்க்க இன்று ஏரி ஏதுமில்லை.

பிற்கால வெள்ளங்கள்

ஏரி இருந்த பகுதியின் மழைநீரை இன்று வெளியேற்றும் முதன்மை வடிகால் மாம்பலம் கால்வாய் ஆகும். இது வள்ளுவர் கோட்டத்தை அடுத்த பகுதியிலிருந்து தியாகராய நகர், சி.ஐ.டி. நகர் வழியாகச் சென்று நந்தனம் அருகே அடையாற்றில் கலக்கிறது. ஏரியும் கால்வாயும் செய்யும் பணி ஒன்றன்று. ஏரி நீரைத் தங்க வைத்தது. கால்வாய் நீரைக் கடத்த மட்டுமே செய்கிறது. மேலும் ஏரிப் படுகை சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்த நிலமாதலால் நீர் இயல்பாகவே அங்கு வந்து சேரும். கட்டடங்களும் சாலைகளும் நிலத்தை மூடிவிட்டதால் ஊறும் நீரின் அளவும் குறைந்துள்ளது.

2015ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 1,049 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. திசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய பெருமழையில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. இதனோடு பிற ஏரிகளின் உபரிநீரும் சேர அடையாறு கரை கடந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகள் மூழ்கின. ஆறு நிறைந்து ஓடும்போது அதில் கலக்கும் கால்வாய்களின் நீர் வடிய வழியில்லை. சில இடங்களில் ஆற்றுநீர் கால்வாய்க்குள் திரும்பி ஏறவும் செய்யும்.

2021 நவம்பரில் பெய்த மழையில் தியாகராய நகரின் பல தெருக்களிலும் சுரங்கப்பாதைகளிலும் நீர் தேங்கியது. சில இடங்களில் அது வடியப் பல நாட்களாயின. மாம்பலம் கால்வாயில் கட்டட இடிபாடுகள் கிடந்து ஓட்டத்தைத் தடுத்தது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. இதனையடுத்துச் சென்னையின் வெள்ளத் தணிப்பு பற்றி ஆராய, ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் தமிழக அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழு தன் இறுதி அறிக்கையை 2023இல் அளித்தது. அதே ஆண்டு திசம்பரில் மிக்சாங் புயலின்போதும் நகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின.

இவ்வெள்ளங்கள் அனைத்துக்கும் நீண்ட ஏரியின் மறைவே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. மழையின் அளவு, வடிகால்களின் நிலை, சதுப்பு நிலங்களின் குறைவு, ஆற்று முகத்துவாரத்தின் நிலை ஆகிய பலவும் இதில் பங்கு பெறுகின்றன. ஏரி இருந்திருந்தாலும் 2015 போன்ற மழைக்கு அது முன்னரே நிரம்பியிருக்கும். எனினும் ஏரிப் படுகையில் அமைந்த குடியிருப்பு ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் சாதாரணப் பருவமழையின் நீர்த்தேக்கத்தை, அந்நிலத்தின் பழைய வரலாற்றை அறியாமல் விளக்க இயலாது.

பிற ஏரிகளுடன் ஒப்பீடு

செம்பரம்பாக்கம் ஏரி: நீண்ட ஏரியைப் போலவே மண்கரை கொண்டது, பாசனத்துக்காகவே உருவானது. ஆயக்கட்டு சுருங்கியபின் இது நகரின் குடிநீர் ஆதாரமாக மாற்றப்பட்டதால் நிலைத்தது. இதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு நீர்மட்டம் 24 அடி. 2015இல் இங்கிருந்து நீர் திறக்கப்பட்ட நேரமும் அளவும் பெரும் விவாதத்துக்கு உள்ளாயின. 2019 கோடையில் இதே ஏரி ஏறக்குறைய முற்றிலும் வறண்டு, நகரில் கடும் குடிநீர்த் தட்டுப்பாடு நிலவியது. நிறைத்து வைப்பதா, வெறுமையாக வைப்பதா என்னும் முரண்பாட்டை இவ்விரு ஆண்டுகளும் தெளிவாகக் காட்டுகின்றன.

சேத்துப்பட்டு ஏரி: நகரின் நடுப்பகுதியில் எஞ்சியுள்ள மிகச் சில ஏரிகளுள் ஒன்று. இன்று பசுமைப் பூங்காவாகப் பேணப்படுகிறது.

வேளச்சேரி ஏரி: தென்சென்னையில் உள்ள இவ்வேரி, குடியிருப்புகளாலும் சாலைகளாலும் முன்னைய பரப்பில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. அதனைச் சுற்றியுள்ள தெருக்கள் பெருமழைக் காலங்களில் நீரில் மூழ்குவது வழக்கமாகியுள்ளது.

பிற நகரங்கள்: பெங்களூருவில் தர்மாம்புதி ஏரியின் படுகையில் கெம்பேகவுடா பேருந்து நிலையமும், சம்பங்கி ஏரியின் படுகையில் கண்டீரவா விளையாட்டரங்கும் அமைந்துள்ளன. ஐதராபாத்தில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உசேன் சாகர் ஏரி நகரின் நடுவில் இன்றும் நிலைத்துள்ளது; அதன் கரை முதன்மைச் சாலையாகப் பயன்படுகிறது.

பாதுகாப்புச் சட்டம்

தமிழகத்தில் ஏரிகளின் எல்லைகளை அளந்து ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்காக 2007ஆம் ஆண்டில் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இயற்றப்பட்டது. 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டது. நீண்ட ஏரியின் இடத்தில் மீண்டும் ஓர் ஏரியை உருவாக்குவது இயலாத செயல். ஆயினும் பூங்காக்களில் நீரைத் தங்க வைக்கும் சிறு பள்ளங்களை அமைத்தல், கோயில் குளங்களுக்கு மழைநீர் வழியைச் சீர்செய்தல், கால்வாய்களைத் தூர்வாருதல், வீடுகளில் மழைநீரை நிலத்துக்குள் இறக்குதல் ஆகியவற்றின் வழியாக, அவ்வேரி ஒரே இடத்தில் செய்த பணியின் ஒரு பகுதியைப் பல இடங்களில் பிரித்துச் செய்ய முடியும்.